மிச்சிகன் ஏரியில் ஈயக்குண்டு, கோவளத்தில் வெறும் நரம்பு

"ஞாயித்துக்கிழமை ட்ரோலிங் போறோம், ரெடியா இரு" என்று, மிச்சிகன் ஏரிக்கரையில் மில்வாக்கி நகரத்தில் இருக்கும் பள்ளித் தோழன், அதாவது மில்வாக்கிக்காரன், வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான். "யாரை?" என்று பதில் போட்டேன். எங்கள் பள்ளிக்கூட குரூப்பில் தினமும் காலை ஆறு மணிக்குத் தொடங்குவது அதுதானே.

மனைவிக்கு வேறு குழப்பம். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். "ட்ராலர் போட்டுல ஏறப் போறீங்களா? இந்த வயசுலயா?" என்றாள். காசிமேட்டுப் பக்கம் டிராலர் என்றால் பெரிய விசைப்படகு. மடிவலையைக் கடலின் அடியில் விட்டு இழுத்துக்கொண்டு போய், இறாலில் தொடங்கி பெயர் தெரியாத பொடி மீன் வரைக்கும் வாரிக்கொண்டு வரும். ட்ரோலிங் அதற்கு நேர் எதிர். அதில் வலையே கிடையாது. படகை மனிதன் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு, பின்னால் சில தூண்டில்களை இழுத்துக்கொண்டே போக வேண்டும். மீனுக்குத் தோன்றினால் கடிக்கும். ஒரு எழுத்து மாறினால் தொழிலே மாறிவிடுகிறது. இணையத்தில் ஆளைச் சீண்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதற்கு இந்தப் பெயர் வந்ததே தூண்டிலிலிருந்துதான் என்று ஒரு பேச்சு உண்டு. இரையைக் காட்டிக்கொண்டே போவது, எவன் வந்து கடிக்கிறான் என்று பார்ப்பது. பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் அமெரிக்கா போனது மீன் பிடிக்க அல்ல. மகளுக்குப் பிரசவம். பிரசவம் பார்க்க மனைவி, பெட்டி தூக்க நான். சிகாகோவுக்கு வெளியே ஒரு அபார்ட்மென்டில் மூன்று வாரம் குழந்தையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே குரூப்பின் பேங்க்காரன் டெட்ராய்ட்டில் மகன் வீட்டில் அதே நிலையில் இருந்தான். எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேரை ஆகஸ்டில் அங்கேதான் பிடிக்க முடிகிறது. முப்பது வருடமாக மில்வாக்கியில் இருப்பவன், அலுவலக நண்பர்கள் இருவரோடு சேர்ந்து வாங்கிய படகைப் பற்றிப் பத்து வருடமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தான். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

விடியற்காலை மூன்றரை மணிக்கு மெக்கின்லி மரீனா என்ற படகுத்துறையில் படகு ஏறினோம். ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட், அதன்மேல் லைஃப் ஜாக்கெட். பேங்க்காரன் கூடவே மங்க்கி குல்லாவும் போட்டிருந்தான். மார்கழியில் குரோம்பேட்டையில் வாக்கிங் போகிறவன் மாதிரி இருந்தான்.

சென்னைக்காரனிடம் ஏரி என்றால் அவன் மனதுக்குள் டிஎம்சியில்தான் கணக்கு ஓடும். செம்பரம்பாக்கம் முழுதாக நிரம்பினால் 3.6 டிஎம்சி சொச்சம். 2015 டிசம்பரில் அந்த 3.6 எங்களை என்ன பாடு படுத்தியது என்று தெரியும். 2019 கோடையில் அதே ஏரி வெடித்துக் கிடந்தபோது தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றதும் தெரியும். படகு துறையைத் தாண்டும்போது, "மொத்தம் எவ்வளவுடா தண்ணி?" என்று கேட்டேன். சுமார் 4,900 கன கிலோமீட்டர் என்றான். போனில் கணக்குப் போட்டேன். ஒரு லட்சத்து எழுபதாயிரம் டிஎம்சியைத் தாண்டியது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இன்னொரு முறை போட்டேன். அதே விடை. காவிரியில் கர்நாடகம் நமக்கு வருடத்துக்கு 177.25 டிஎம்சி விட வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஒரே ஏரியில் கிடப்பது கிட்டத்தட்ட ஆயிரம் வருடத்துப் பங்கு. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை.

அதை ஏரி என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அக்கரை தெரியாது. அலை அடிக்கிறது. நீளம் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர், ஆழமான இடத்தில் 280 மீட்டர். ஆனால் உப்பு வாசனை இல்லை. கருவாட்டு வாசனையும் இல்லை. மூக்குக்கு மட்டும் அது கடல் இல்லை என்று தெரிந்துகொண்டே இருந்தது.

வெளிச்சம் வருவதற்குள் அவன் கடையை விரித்துவிட்டான். மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவருக்கு மூன்று தூண்டில் என்று சட்டம். நாங்கள் மூன்று பேர், ஆக ஒன்பது. ஒன்பது தூண்டிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில் போக வேண்டும். இதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

டவுன்ரிகர் என்று ஒரு கருவி. படகின் பின்பக்கம் ஒரு சின்ன கிரேன் மாதிரி இருக்கும். அதில் கம்பியும், கம்பி முனையில் பத்துப் பவுண்டு ஈயக்குண்டும். நம் ஊர்க் கணக்கில் நாலரை கிலோ. தூண்டில் நரம்பை அந்தக் குண்டுக்கு மேலே ஒரு கிளிப்பில் மாட்டி, அறுபது அடி, எண்பது அடி என்று வேண்டிய ஆழத்துக்கு இறக்குகிறார்கள். பிறகு தூண்டில் கம்பு வில்லாய் வளையும் வரை நரம்பை இறுக்கிச் சுற்றி வைக்கிறார்கள். கீழே மீன் கடித்ததும் கிளிப் விட்டுப்போகும். வளைந்து கிடந்த கம்பு சடக்கென்று நிமிரும். அடுத்த நொடி மீன் இழுத்து மறுபடி வளையும். அந்த நிமிர்வைத்தான் எல்லோரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடித்தால் கம்பு வளையும் என்றுதான் நான் ஐம்பது வருடமாக நினைத்திருந்தேன். இங்கே முதலில் நிமிர்கிறது.

பக்கவாட்டுக்கு வேறு ஏற்பாடு. பிளேனர் போர்டு என்று மிதக்கும் பலகை ஒன்று, படகிலிருந்து ஒதுங்கி ஒதுங்கித் தூரப் போய் நரம்பைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகும். படகுச் சத்தத்துக்கு மிரண்டு விலகின மீனை அங்கே பிடிக்கலாம். இன்னொரு கம்பில் உள்ளே ஈயம் வைத்துப் பின்னிய நூல். முப்பது அடிக்கு ஒரு கலர். "அஞ்சு கலர் விடு" என்பான் அவன். ரீலிலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போய்க்கொண்டே இருக்கும். எனக்கு ரங்கநாதன் தெருவில் ரிப்பன் அளந்து கொடுப்பவர் ஞாபகம் வந்தது.

இரை எல்லாமே போலி. ஸ்பூன் என்று பெயர். உள்ளங்கை நீளத்தில் வளைந்த தகடு, ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் பச்சையோ நீலமோ. இரண்டரை மைல் வேகத்தில் இழுத்தால் அடிபட்ட சின்ன மீன் மாதிரி துடிக்கும். வேகம் சற்றுக் கூடினால் பம்பரமாய்ச் சுற்றும், குறைந்தால் செத்துத் தொங்கும். எனவே கேப்டன் நாற்காலியில் இருப்பவனின் கண் எப்போதும் வேகக் காட்டியில்தான்.

அப்புறம் வெப்பம். கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் ஐஸாகவும் இருக்கும். நடுவில் சட்டென்று குளிரும் ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. சினூக் சால்மனுக்குப் பிடித்தது 12 டிகிரி செல்சியஸ் வாக்கில். லேக் ட்ரவுட் என்ற இன்னொரு மீன் இன்னும் குளிர் தேடி அடியில் கிடக்கும். மேற்கேயிருந்து காற்று அடித்தால் மில்வாக்கிக் கரையிலிருந்து சூடான மேல்தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும், கூடவே மீனும் கரைப்பக்கம் வரும். முந்தின இரண்டு நாளும் மேற்குக் காற்று. அதனால்தான் எங்களை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிட்டிருக்கிறான். நண்பர்களைப் பார்க்கும் ஆசை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தேகால் மணிக்கு இடது ஓரத்துக் கம்பு நிமிர்ந்தது. என்னைத்தான் தள்ளிவிட்டார்கள். கம்பைத் தாங்கியிலிருந்து பிடுங்குவதற்குள் ரீல் அலறியது. தையல் மெஷினை முழு வேகத்தில் மிதித்த மாதிரி ஒரு சத்தம். சின்ன வயதில் காசிமேட்டுப் பாறைமேல் உட்கார்ந்து கைநரம்பு போட்டவன் நான். நரம்பு ஓடினால் பிடிக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். கட்டை விரலால் ரீலை அமுக்கிவிட்டேன்.

"விடுறா! விடுறா கைய!"

விட்டேன். அதற்குள் நரம்பு போயிருந்தது. மீனும் போனது, ஸ்பூனும் போனது. கட்டை விரலில் ஒரு கோடு மட்டும் மிச்சம். மில்வாக்கிக்காரன் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் அவனுடைய ஜியோமெட்ரி பாக்ஸை நான் உடைத்தபோது ஒரு பார்வை பார்த்தான், அதே பார்வை.

அடுத்தது பேங்க்காரனுக்கு. லேக் ட்ரவுட். அது சண்டையே போடவில்லை, ஈரச் சாக்கு மூட்டையை இழுத்த மாதிரி வந்தது. அதற்கடுத்து ஏழு மணிக்குத்தான் எனக்கு மறுபடி வாய்ப்பு. இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன் என்றே சொல்லலாம். மீன் ஓடும்போது ஓட விட வேண்டும். நின்றால் கம்பைத் தூக்கி, தாழ்த்திக்கொண்டே சுற்ற வேண்டும். மறுபடி ஓடும். இருபது நிமிடம். கடைசியில் வலைக்குள் வந்தபோது, முதுகு பச்சையும் கருப்புமாகப் புள்ளி போட்டு, பக்கம் எவர்சில்வர் குடம் மாதிரி பளபளத்தது. வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு கறுப்பு. சினூக்கை அப்படித்தான் அடையாளம் கண்டுகொள்வார்களாம், கோஹோ என்ற இன்னொரு சால்மனுக்கு ஈறு வெளுத்திருக்கும். தராசில் 17 பவுண்டு. ஏழே முக்கால் கிலோ. மருமகனுக்கு உடனே போட்டோ அனுப்பினேன். குழந்தையின் எடையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று யோசித்துப் பார்த்து, அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம்.

அந்த மீன் அந்த ஏரி மீனே இல்லை. சினூக்கும் கோஹோவும் பசிபிக் கடல் மீன்கள். மிச்சிகன் ஏரிக்கு மண்ணின் மைந்தன் லேக் ட்ரவுட்தான். கப்பல் போவதற்காக நயாகரா அருவியைச் சுற்றிக் கால்வாய் வெட்டினார்கள். வெல்லண்ட் கால்வாய். அதன் வழியே அட்லாண்டிக்கிலிருந்து லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மேல் ஏரிகளுக்குள் நுழைந்தது. விலாங்கு மாதிரி உடல், தாடையே இல்லாத வட்ட வாய். 1930களில் மிச்சிகன் ஏரிக்கு வந்து சேர்ந்தது. ட்ரவுட்டின் விலாவில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சியே அந்த இனத்தை ஏறக்குறைய முடித்துவிட்டது. பெரிய மீன் இல்லாமல் போனதும், பின்னாலேயே வந்த ஏல்வைஃப் என்ற மத்தி ஜாதிப் பொடி மீன் கேட்பாரற்றுப் பெருகியது. 1967இல் அது கூட்டம் கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கியது. சிகாகோ கடற்கரையில் புல்டோசர் வைத்து அள்ளினார்களாம். மெரினாவில் அப்படி ஒரு கோடை வந்தால் என்று யோசித்துப் பார்த்தேன், யோசிக்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அதற்கு முன்பே, மிச்சிகன் மாநில மீன்துறைத் தலைவராக இருந்த ஹோவர்ட் டேனர் என்பவர், இந்தப் பொடி மீனைத் தின்ன ஒரு பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டால் என்ன என்று முடிவெடுத்தார். 1966இல் கோஹோ குஞ்சுகள், மறு வருடம் சினூக். வந்தவை தின்றன, கொழுத்தன. ஜனங்கள் படகும் கம்புமாகக் கிளம்பினார்கள். இன்றுவரை ஒவ்வொரு வருடமும் அரசாங்கப் பொரிப்பகங்கள் குஞ்சு விடுகின்றன. மீன் ஆற்றில் ஏறி முட்டையிடும் பருவத்தில் ரசீன் ஊரின் ரூட் ஆற்றிலும் வேறு சில இடங்களிலும் பிடித்து, முட்டையெடுத்து, பொரிக்க வைத்து, மறுபடி விடுகிறார்கள். சினூக் முட்டையிட்டதும் செத்துவிடும். செலவுக்கு, மீன் பிடிப்பவர்கள் லைசென்ஸோடு வாங்கும் சால்மன் ஸ்டாம்ப்பிலிருந்து பணம் வருகிறது.

இப்போது அதிலும் தகராறு. கப்பல்கள் எடுத்து வந்த குவாக்கா என்ற சின்னச் சிப்பி அடியெல்லாம் பரவி, தண்ணீரிலுள்ள நுண்ணுயிரை வடிகட்டித் தின்றுவிடுகிறது. தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது, அழகுதான், ஆனால் ஏல்வைஃபுக்குச் சாப்பாடு இல்லை. பக்கத்து ஹூரான் ஏரியில் 2004 வாக்கில் ஏல்வைஃப் அற்றுப்போய், பின்னாலேயே சினூக்கும் விழுந்தது. மிச்சிகன் ஏரியிலும் அப்படி ஆகிவிடக் கூடாதென்று குஞ்சு விடுவதைக் குறைத்தார்கள். அறுபதுகளில் தொல்லை என்று ஒழிக்கப் பார்த்த பொடி மீனை இன்று கண்ணுக்குக் கண்ணாகக் காக்க வேண்டியிருக்கிறது.

"அப்போ இது பெரிய சைஸ் மீன் பண்ணைதானே?" என்று கேட்டேன். மில்வாக்கிக்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது. குஞ்சு விடுவது மட்டும்தான் அரசு, மூன்று வருடம் ஏரியில் பிழைத்து வளர்வது மீனின் சாமர்த்தியம், இப்போது பாதிக்கு மேல் ஆறுகளில் தானாகவே பொரிக்கிறது என்று வாதாடினான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தப் பதினேழு பவுண்டைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றபோது இருந்த கர்வம் எனக்குப் பாதியாகிவிட்டது.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. சினூக்கை மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை போட்டு வறுத்தால் பிரமாதம். புளிக்குழம்பில் போடாதீர்கள். கொழுப்பு முழுவதும் மேலே மிதக்கிறது, துண்டு உடைந்துபோகிறது. குழம்புக்கு லேக் ட்ரவுட்தான், மத்திக் குழம்பின் ருசிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் சமைப்பதற்கு முன் நண்பனின் மனைவி ஒரு அட்டவணையை எடுத்து நீட்டினாள். பழைய ஆலைக் கழிவிலிருந்து வந்த பிசிபி ரசாயனம் இந்த மீன்களின் கொழுப்பில் தங்குகிறது. எந்த மீனை, என்ன அளவில், எத்தனை நாளைக்கு ஒரு தடவை சாப்பிடலாம் என்று மாநில அரசே அச்சடித்துக் கொடுக்கிறது. தோலையும் கொழுப்பையும் வெட்டி எறியவும் சொல்கிறது. நமக்கு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அப்படி ஒரு அட்டவணை என் கைக்கு வந்து சேரவில்லை. மீன் வாங்குவதை நாங்களாகவே ஒரு மாதம் நிறுத்தினோம், நாங்களாகவே தொடங்கினோம்.

ஊர் திரும்பி மச்சினியிடம், சால்மன் பிடித்தேன் என்றேன். "அதான் ஆன்லைன்லயே வருதே மாமா, போன வாரம்கூட வாங்கினோம்" என்றாள். செயலியைத் திறந்து காட்டினாள். இந்தியன் சால்மன். படத்தைப் பார்த்தால் நம்ம காலா மீன். தாடைக்குக் கீழே நூல் நூலாகத் தொங்குமே, அதேதான். சால்மனுக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் கிடையாது. காலா நல்ல மீன், அதன் சொந்தப் பெயரிலேயே விற்கலாம்.

தை மாதம் மில்வாக்கிக்காரன் பொங்கலுக்கு வந்தான். இந்த முறை என் ஊர், என் தண்ணீர். எங்கள் குரூப் வாத்தியார் தன் பழைய மாணவன் ஒருவன் மூலமாகக் கோவளத்தில் ஒரு ஃபைபர் படகுக்காரரைப் பிடித்துக் கொடுத்தார். வயது ஐம்பது இருக்கும். அக்கா மகனைத் துணைக்கு வைத்திருந்தார். காணும் பொங்கலுக்கு முந்தின நாள் நாலரை மணிக்கு மணலில் நின்றோம். பனி மூட்டம், ஈசிஆரில் ஒன்றிரண்டு பேருந்து. மரீனா கிடையாது, பாலம் கிடையாது. படகைத் தோளால் தள்ளி, அலை வாங்கும் இடைவெளி பார்த்து, "ஏறு, ஏறு சார்" என்னும்போது தாவ வேண்டும். மில்வாக்கிக்காரன் தாவினான். வாத்தியார் தாவினார். பேங்க்காரனை அக்கா மகன் மூட்டை மாதிரி தூக்கிப் போட்டான்.

நண்பன் ஒரு பையில் கம்பு, ரீல், ஆறு ஸ்பூன், பிளேனர் போர்டு எல்லாம் கொண்டுவந்திருந்தான். டவுன்ரிகர் மட்டும்தான் இல்லை. ஏர்போர்ட்டில் நாலரை கிலோ ஈயக்குண்டை விளக்க முடியாது என்று பயந்திருக்கிறான். படகுக்கார அண்ணன் ஒரு ஸ்பூனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கரண்டியா?"

"ஆமாண்ணே. அங்க பேரே கரண்டிதான்."

அவருடைய சாமான் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் சுற்றிய தடித்த நரம்பு. முனையில் ஒரு முழம் கம்பி, வஞ்சிரத்தின் பல் நரம்பை பிளேடு போல் நறுக்கிவிடும் என்பதற்காக. கம்பி முனையில் ஒற்றை முள். முள்ளைச் சுற்றி வெள்ளை நைலான் இழையும் ஜிகினாத் தாளும் கட்டியிருந்தார், குழந்தைகள் பிறந்தநாளுக்குத் தொங்கவிடுவார்களே அந்தத் தாள். ஒரு கையில் இன்ஜின் பிடி. நரம்பை வலது கால் கட்டை விரலில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தார். கம்பு, கிளிப், ரீல், மணி எல்லாமே அந்தக் கட்டை விரல்தான்.

சூரியன் எழும்பும் நேரத்தில் பன்னிரண்டு பாகம் (ஒரு பாகம் என்றால் விரித்த இரு கை அளவு) ஆழத் தண்ணீரில் ஒரு பார்மேல் இருப்பதாகச் சொன்னார். அடியில் பாறை, அதைச் சுற்றிச் சின்ன மீன், அதற்கு வஞ்சிரமும் பாரையும் வரும். நண்பன் போனில் ஜிபிஎஸ் புள்ளி குறித்துக்கொண்டான். "எப்படிண்ணே தெரியும்?" என்றேன். கரையைக் காட்டினார். ஓஎம்ஆர் பக்கம் ஒரு உயரமான கட்டடம், திருப்போரூர் மலை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் ஒரு கோடு. வடக்கே வேறு இரண்டு அடையாளம் சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடம் பார். "முன்ன பனைமரம் வெச்சிப் பாப்போம். இப்போ ஃபிளாட்டு வந்துட்ச்சி, அதுவும் நல்லாத்தான் கீது" என்றார். அவரிடமும் ஜிபிஎஸ் உண்டு, டப்பாவுக்குள் இருந்தது.

படகு மெதுவாக வட்டமடித்தது. ட்ரோலிங்கில் அதிகம் நடப்பது இந்தச் சும்மா இருத்தல்தான். மில்வாக்கியில் அந்த நேரத்தில் மூன்று பேரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். இங்கே அண்ணன் கேள்வி கேட்டார்.

"அந்த ஏரியில எவ்ளோ பேர் தொழில் பண்றாங்க?"

தொழில் இல்லை, சும்மா பிடிக்கிறார்கள் என்றான் நண்பன்.

"சும்மான்னா? டீசலு?"

சொந்தச் செலவு.

"புட்ச்ச மீனு யாருக்குக் கொடுக்கிறது?"

விற்கக் கூடாது, சட்டம். ஒருவருக்கு நாளைக்கு ஐந்து மீன்தான், அதையும் வீட்டில் சாப்பிட வேண்டியதுதான். அண்ணன் அக்கா மகனைப் பார்த்தார். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்தான்.

"மீன யாரு வுட்டது?"

"கவர்மென்ட்டு."

"இங்க கவர்மென்ட்டு மீன வுட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "அப்போ அது வளப்பு மீனு" என்றார்.

மில்வாக்கிக்காரன் என்னை முறைத்தான். நான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்துவிட்டான். சத்தியமாக இல்லை.

எட்டு மணிக்கு நண்பனின் கம்பு வளைந்தது. ரீல் அதே தையல் மெஷின் சத்தம் போட்டது. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். பத்து நிமிடம் விளையாடி இழுத்தான். வந்தது சீலா, ஒன்றரை முழ நீளத்துக்குக் கூர்மூக்கும் பல்லுமாக. நாங்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணனின் கால் விரல் வெடுக்கென்று இழுபட்டது. அவர் இன்ஜினை அக்கா மகனிடம் தள்ளிவிட்டு எழுந்து நரம்பைக் கையில் வாங்கினார். ரப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து நரம்பைப் பிடித்தார். மீன் ஓடியபோது விட்டார், நின்றபோது முழம் முழமாக இழுத்து காலடியில் வளையம் வளையமாகப் போட்டார். வளையம் ஒன்றுகூடச் சிக்கவில்லை. மில்வாக்கியில் எனக்கு இருபது நிமிடம் பிடித்ததை நாலு நிமிடத்தில் முடித்தார். வஞ்சிரம், ஐந்து கிலோ இருக்கும். பக்கத்தில் கோடு கோடாக நீலச் சாம்பல். வந்ததும் தலையில் ஒரே அடி. போட்டோவுக்கு நீட்டவே இல்லை, நேராக ஐஸ் பெட்டிக்குள் போனது. அது கரைக்குப் போய் ஏலத்தில் விழ வேண்டிய மீன்.

அதன் பிறகு வாத்தியாருக்கு இரண்டு சின்னப் பாரை. பேங்க்காரன் ஒன்பது மணிக்கு வாந்தியெடுக்கத் தொடங்கி, அலை குறைந்த ஏரியின் பெருமையை இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தான். கரைக்குத் திரும்பினோம். படகு வாடகை பேசியபடிதான், ஒரு ரூபாய்கூட அதிகம் கேட்கவில்லை. வஞ்சிரத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றதற்கு, ஏலத்தில் என்ன போகுமோ அதைத்தான் சொன்னார். சீலாவும் பாரையும் எங்களுக்கே. கிளம்பும்போது நண்பன் ஆறு ஸ்பூனையும் அவரிடம் கொடுத்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, பெரிதாக மகிழ்ந்ததாகவும் தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மே மாதம், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் அவை கரையில் நிற்கும், சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் போகும். காசிமேட்டில் வஞ்சிரம் கண்ணால் பார்க்கிற விலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவளம் வரை போய் வாங்கலாம் என்று கிளம்பினேன். அவருடைய படகு மணலில் ஏற்றிக் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், பிளாஸ்டிக் சட்டத்து நரம்பின் முனையில் நம்ம ஸ்பூன். மூன்று முள் கொக்கியைக் கட்டிங் பிளேயரால் கழற்றி எறிந்துவிட்டு, தன்னுடைய ஒற்றை முள்ளையும் ஒரு முழம் கம்பியையும் மாட்டியிருந்தார். வெள்ளிப் பக்கம் முழுக்கப் பல் கீறல்.

"கடிக்குதாண்ணே?"

"சீலா அடிக்கிது. வஞ்சிரம் வந்து பாக்கும், பூடும்" என்றார். வலையை உதறிக்கொண்டே, "அந்த ஏரிக்காரு எப்போ சார் மறுபடி வர்றாரு? பச்ச கலர்ல ரெண்டு கரண்டி எட்தாரச் சொல்லு" என்றார்.